பாறையில் காட்டுப்பன்றி, போபாலில் உப்பு டீ

ஆகஸ்ட் 6, புதன். போபால்

மூன்று மணி நேரம் தாமதமாக வந்த ரயில், கொட்டும் மழையில் எங்களை இறக்கிவிட்டது. ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு வண்டிக்கடையில் போஹா-ஜிலேபி. அவலை மஞ்சளாகத் தாளித்து, மேலே சேவும் வெங்காயமும் தூவி, எலுமிச்சை பிழிந்து, பக்கத்திலேயே சுடச்சுட ஜிலேபியும் வைத்துத் தருகிறார்கள். இரண்டும் சேர்த்து நாற்பது ரூபாய். அவலில் சோம்பு கடிபட்டதும் மனைவி முகத்தைச் சுளித்தாள். ஜிலேபி உள்ளே போனதும் சரியாகிவிட்டது. கடைக்காரர் எங்கள் இந்தியைக் கேட்டு "மதராஸ்?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் என் தட்டில் இன்னொரு கரண்டி அவல் போட்டார். அதற்குக் காசு வாங்கவில்லை.

ஏன் இந்த மழையில் மத்தியப் பிரதேசம் என்று கேட்பவர்களுக்கு: இன்றைய மனித இனத்தின் மிகப் பழைய எலும்புகள் மொராக்கோவில் ஜெபல் இர்ஹூத் என்ற இடத்தில் கிடைத்தவை. சுமார் 3,00,000 ஆண்டுப் பழமை. அளவில் இன்றைய மூளை அப்போதே வந்துவிட்டது; மண்டையின் உருண்டை வடிவம் மட்டும் பிறகு மெல்ல மெல்ல வந்தது. ஆனால் தென்னாப்பிரிக்காவின் பிளம்போஸ் குகையில் காவிக்கல்லில் யாரோ குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கீறியது ஏறக்குறைய 75,000 ஆண்டுகளுக்கு முன்புதான். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் பன்றியோடு மனிதர்கள் நிற்கும் குகை ஓவியம் குறைந்தது 51,200 ஆண்டுப் பழமை என்கிறார்கள். நடுவில் இத்தனை காலம் அந்த மூளை என்னதான் செய்துகொண்டிருந்தது? ஓய்வுபெற்ற பிறகு இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. மனைவி இதையும் சர்க்கரை, பிரஷர் வரிசையில் சேர்த்துவிட்டாள். சரி, இங்கே பீம்பேட்காவில் இருக்கும் பாறை ஓவியங்களையாவது நேரில் பார்த்துவிடுவோம் என்று கிளம்பியாயிற்று.

மாலையில் பழைய போபால். இங்கே பால் டீயில் ஒரு சிட்டிகை உப்புப் போடுகிறார்கள். சுலைமானி டீ என்று பெயர். முதல் வாய்க்குக் கீழே வைத்துவிடலாமா என்று இருந்தது. மூன்றாவது வாயில் இன்னொன்று சொல்லலாமா என்று தோன்றியது. டீக்கடையில் உட்கார்ந்து எதிர்ச்சாரியின் பெயர்ப்பலகைகளை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தேன். தமிழ்ப் பலகையாக இருந்தால் படிக்காமல் இருக்கவே முடியாது. கண் பட்டதும் சொல் உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். இந்தி எனக்கு இன்னும் கோடும் வளைவும்தான். 'வஸ்...த்ரா...லய்' என்று முடிப்பதற்குள் கடையே ஷட்டரை இறக்கிவிட்டது.

எழுத்து பிறந்து 5,000 ஆண்டுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. அதற்கென்று மூளையில் ஒரு பகுதி பரிணமிக்க அவகாசமே இல்லை. ஆனாலும் படிக்கக் கற்றவர் எந்த மொழிக்காரரானாலும், இடப்பக்க மூளையின் அடிப்புறத்தில் ஏறத்தாழ ஒரே இடம் எழுத்துக்கென்று ஒதுங்கிவிடுகிறது. பிரெஞ்சு நரம்பியலாளர் ஸ்தானிஸ்லாஸ் தெஹேன் இதை நிறைய ஆராய்ந்திருக்கிறார். முகங்களையும் பொருட்களையும் அடையாளம் காண உதவிய பகுதியைப் பள்ளிக்கூடம் பிடுங்கிக்கொள்கிறது என்று சொல்லலாம். மனைவி ஒன்றாம் வகுப்பு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். "அப்போ இத்தனை வருஷமா நான் பிள்ளைங்க மண்டைக்குள்ள புகுந்து இடத்தைக் காலி பண்ணிட்டு இருந்திருக்கேன்னு சொல்லுங்க" என்றாள்.

ஆகஸ்ட் 7, வியாழன். பீம்பேட்கா

போபாலிலிருந்து தெற்கே 45 கிலோமீட்டர். போய்வர கார் 1,900 ரூபாய். பேரம் பேசியும் நூறுதான் குறைந்தது. ராதாபானி காட்டுக்குள் சாலை ஏறியபோது மழை தூறலாகிவிட்டது. தேக்கு இலையில் விழும் தூறலுக்குச் சத்தம் அதிகம்.

1957இல் தொல்லியலாளர் விஷ்ணு ஸ்ரீதர் வாகண்கர் போபாலுக்கு ரயிலில் போகும்போது ஜன்னல் வழியாக இந்தப் பாறைகளைப் பார்த்தார். ஸ்பெயினிலும் பிரான்ஸிலும் பார்த்த குகைப் பாறைகள் நினைவுக்கு வர, பிறகு தேடிக்கொண்டு வந்தார் என்பார்கள். 2003இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். சுற்றுவட்டாரத்தில் எழுநூறுக்கு மேல் பாறைப் புகலிடங்கள் இருக்கின்றன. நம்மைப் போன்றவர்களுக்குக் காட்டுவது பதினைந்து சொச்சம்.

வழிகாட்டி பக்கத்துக் கிராமத்துக்காரர். ஐந்நூறு ரூபாய் கேட்டார். பிடித்திருந்தால் கடைசியில் கொடுங்கள் என்று அவரே சொல்லிவிட்டார். கையில் தோல் சீவிய ஒரு மெல்லிய குச்சி. அதன் நுனி பாறையிலிருந்து ஒரு ஜாண் தள்ளியே நிற்கிறது. ஒரு தடவைகூடப் பாறையைத் தொடவில்லை. எங்களுக்கு முன்னால் போன ஒரு கூட்டம் ஓவியத்தின்மேல் கையை வைத்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. இவர் கத்தவில்லை. பக்கத்தில் போய், கைகூப்பி, "பையா, கையை மட்டும்" என்றார். அந்தப் பையன் கையை எடுத்துவிட்டுத் தானும் கும்பிட்டான்.

முதலில் வருவது 'ஆடிட்டோரியம்' என்கிற உயரமான குகை. நடுவில் பெரிய பாறை; அதில் கிண்ணம் கிண்ணமாகக் குழித்திருக்கிறார்கள். அந்தக் குழிகள் லட்சக்கணக்கான ஆண்டுப் பழையவை என்று வாதிடும் அறிஞர்கள் உண்டு, ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. எனக்கு வயதைவிட அந்த வேலைதான் வியப்பாக இருந்தது. இது பொடிந்து விழும் கல் இல்லை, குவார்ட்சைட் என்கிற கடினமான பாறை. ஒரு குழிக்கு எத்தனை ஆயிரம் தட்டு தட்டியிருப்பார்கள்! அதில் தானியம் இடிக்க முடியாது, தண்ணீர் பிடிக்க முடியாது, பாறை செங்குத்தாக நிற்கிறது. வயிற்றுக்கு ஒரு பயனும் இல்லாத காரியத்தை மணிக்கணக்காக ஒருவர் செய்ய, சுற்றி இருந்தவர்கள் அவரை விட்டுவைத்திருக்கிறார்கள். ஒருவேளை அவருக்குச் சோறும் போட்டிருக்கிறார்கள்.

இதே குகையில் 2021இல் ஒரு கூத்து நடந்தது. சுவரின் உயரத்தில் இலை வடிவத்தில் வரிவரியாக இருந்த ஒரு தடத்தைப் பார்த்த புவியியலாளர்கள், இது 55 கோடி ஆண்டுப் பழைய டிக்கின்சோனியா என்ற உயிரியின் புதைபடிவம் என்று ஆய்விதழில் எழுதினார்கள். உலகமெல்லாம் செய்தி. 2023இல் வேறொரு குழு வந்து பார்த்தால், அது தேன்கூடு பிய்ந்துபோன தடம். முதலில் எழுதியவரும் ஒப்புக்கொண்டார். வழிகாட்டியிடம் இதைக் கேட்டேன். அண்ணாந்து பார்த்து, மேலே தொங்கும் மலைத்தேனீக் கூடுகளைக் குச்சியால் காட்டி, "எங்களைக் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்போம்" என்றார். எனக்கு அந்த விஞ்ஞானிகள்மேல் இளக்காரம் வரவில்லை. கறையில் உருவத்தைப் பார்க்கும் இதே புத்திதான் எவனோ ஒருவனைப் பாறையில் மாடு வரைய வைத்திருக்கும்.

இங்கேதான் என் செருப்பின் அடிப்பாகம் வாயைப் பிளந்தது. ஈரப்பாறையில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றேன். வழிகாட்டி பையிலிருந்து சணல் கயிறு எடுத்து, குதிகாலிலிருந்து விரல்வரை மூன்று சுற்றுச் சுற்றி, மேலே ஒரு முடிச்சுப் போட்டார். "சாயங்காலம் வரைக்கும் தாங்கும் பாபூஜி." தாங்கியது. ஆறறிவும் ஒரு செருப்பு பிய்ந்தால் நொண்டுகிறது. எனக்குச் செருப்புத் தைக்கத் தெரியாது, தோல் பதனிடத் தெரியாது, சணல் திரிக்கவும் தெரியாது. என் காலுக்குக் கீழே இருப்பது முழுக்க அடுத்தவர்களின் அறிவு.

அப்புறம் 'ஜூ ராக்'. மேற்கூரை வளைவு முழுக்க விலங்குகள். உண்மையைச் சொன்னால், முதல் ஐந்து நிமிடம் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. வெள்ளைக் கறை, செம்மண் கறை, பூஞ்சை, அவ்வளவுதான். குச்சி நகர்ந்தது. "இது கொம்பு. இது முதுகு. இங்கே கால்." சட்டென்று யானை வந்தது. பக்கத்தில் மான் கூட்டம், அதற்குக் கீழே காட்டெருமை. ஒரு தடவை தெரிந்துவிட்ட பிறகு தெரியாமல் ஆக்கிக்கொள்ள வழியே இல்லை. கண்ணை மூடித் திறந்தாலும் யானைதான்.

எனக்கு இந்தப் பயணத்தில் கிடைத்தது அந்தக் குச்சிதான் என்று சொல்வேன். ஏறக்குறைய ஒரு வயதில் குழந்தை விரலை நீட்டி "அதோ" என்று காட்டத் தொடங்குகிறது. தனக்கு வேண்டும் என்று மட்டும் காட்டுவதில்லை. நீயும் பார் என்பதற்காகவே காட்டும். காட்டுச் சிம்பன்சிகள் ஒன்றுக்கொன்று இப்படிக் காட்டிப் பகிர்வது மிக அரிது. மைக்கேல் டோமசெல்லோ போன்ற உளவியலாளர்கள் மனித மனத்தின் ஆரம்பத்தையே இங்கேதான் தேடுகிறார்கள். இரண்டு பேர் ஒரே பொருளைப் பார்ப்பது போதாது. இருவரும் பார்க்கிறோம் என்று இருவருக்கும் தெரிய வேண்டும். 1879இல் ஸ்பெயினின் அல்தமிரா குகையில் அப்பா தரையைத் தோண்டிக்கொண்டிருந்தபோது, மேலே பார்த்துக் காட்டெருமைகளைக் காட்டியவள் எட்டு வயது மரியா. அறிஞர்கள் நம்பவில்லை; ஏமாற்று வேலை என்றார்கள். ஒப்புக்கொள்ள 1902 ஆயிற்று. அதற்குள் அந்த அப்பா, சௌத்துவோலா, இறந்தே போயிருந்தார். விரலை நீட்டினால் மட்டும் போதாது, அது காட்டும் திசையில் பார்க்க ஆள் வேண்டும்.

ஓவியங்களில் இரண்டு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒன்று, பக்கத்தில் காலிப் பாறை எவ்வளவோ இருக்க, பழைய படத்தின் மேலேயே வரைந்திருக்கிறார்கள். வேட்டைக்காரர்கள் காலத்து மான்மேல், பல ஆயிரம் ஆண்டு கழித்து வந்த குதிரை வீரன் வாளோடு ஏறுகிறான். இடப் பற்றாக்குறை என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே ஒருவர் பார்த்த இடத்தில்தான் தானும் பார்க்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. இன்னொன்று, மாட்டுக்கும் மானுக்கும் தசையும் திமிலும் துல்லியமாக இருக்க, மனிதன் மட்டும் குச்சி குச்சியாக நிற்கிறான். தன்னுணர்வு இன்னும் முதிரவில்லை என்று ஒரு பெரிய கோட்பாட்டை ஆரம்பித்தேன். மனைவி மறித்தாள். "என் கிளாஸ்ல பிள்ளைங்க தன்னைக் குச்சியாத்தான் போடும். ஆனா வீட்டு நாய்க்கு அஞ்சு விரலும் நகமும் இருக்கும். தன்னைத்தான் நல்லாத் தெரியுமே, எதுக்கு வரையணும்?" எனக்குப் பதில் கிடைக்கவில்லை. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாகப் 'பன்றிப் பாறை'. மேலே கொம்பு வைத்த ஒரு பிரம்மாண்டமான பன்றி, கீழே ஓடும் பொடி மனிதன், பக்கத்தில் ஒரு நண்டு. கொம்புள்ள பன்றி எந்தக் காட்டிலும் கிடையாது. பார்த்ததை வரைவது ஒரு நிலை என்றால் இது அடுத்த நிலை: இல்லாத ஒன்றை மனத்தில் கட்டி, அதைப் பார்த்து எல்லாரும் பயப்படலாம் என்று ஒத்துக்கொள்வது. மத்திய இந்தியப் பாறைகளில் சினை விலங்கின் வயிற்றுக்குள் கன்றையும் சேர்த்து வரைந்த படங்கள்கூட உண்டு. கண்ணுக்குத் தெரியாததைத் தெரிந்ததாக வரையும் துணிச்சல் அது.

ஓபேதுல்லாகஞ்சில் செருப்புத் தைக்க ஐம்பது ரூபாய். சணல் கயிற்றைத் தைப்பவர் தூக்கிப் போடாமல் சுருட்டித் திருப்பிக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி. நர்மதாபுரம்

பழைய ஹோஷங்காபாத். லாட்ஜ் மெத்தையில் பூஞ்சை வாசம். ஃபேன் மூன்றாம் எண்ணில் மட்டும் ஓடும். ஆதம்கட் பாறை ஓவியங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. மழையில் நிறம் மங்கி, பாதிக்குமேல் தெரியவில்லை. குச்சி பிடிக்கவும் அங்கே ஆள் இல்லை.

ஹத்னோரா கிராமத்துக்குப் போக வேண்டும் என்பது என் திட்டம். 1982 டிசம்பர் 5 அன்று அங்கே நர்மதைக் கரைப் படிவில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் அருண் சோனகியா ஒரு மண்டையோட்டின் மேல்பகுதியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் கிடைத்த தொல்மனித மண்டை அது ஒன்றுதான் என்று சொல்லும் அளவுக்கு முக்கியமானது. எந்த இனம் என்று இன்றுவரை சண்டை. ஆட்டோக்காரர் 700 ரூபாய்க்குச் சம்மதித்து, பாதி வழியில் ஓடைத் தண்ணீர் சாலைமேல் போவதைப் பார்த்து நிறுத்திவிட்டார். திரும்பும்போது "யாருடைய மண்டை?" என்றார். யாருக்கும் தெரியாது என்றேன். "மீதி உடம்பு?" கிடைக்கவில்லை. கொஞ்ச தூரம் பேசாமல் வந்துவிட்டு, "எடுத்தவர்கள் ஏதாவது பூஜை செய்தார்களா?" என்று கேட்டார். நான் மூளையின் கொள்ளளவைப் பற்றிச் சொல்லத் தயாராக இருந்தேன். அவர் கேட்டது வேறு. இறந்தவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணமும் மனித மனத்தின் பழைய அடையாளங்களில் ஒன்றுதான். போகாத தூரத்துக்கு இருநூறு ரூபாய் குறைத்துக்கொண்டார்.

மாலை சேட்டானி காட் படித்துறை. நதி பழுப்பு நிறத்தில் கீழ்ப்படிகளை விழுங்கியிருந்தது. நர்மதையைச் சுற்றி நடக்கும் பரிக்ரமா யாத்ரிகர்கள் மழைக்கால நான்கு மாதம் நடக்காமல் ஓரிடத்தில் தங்கிவிடுவார்கள். அப்படித் தங்கியிருந்த ஒரு முதியவர், எங்களைப் பார்த்ததும் "நர்மதே ஹர்" என்றார், அடுத்த வார்த்தை "சாப்பிட்டீர்களா?" வறட்டியில் சுட்ட தடித்த டிக்கட் ரொட்டியும் பருப்பும். நதி எப்போதும் வலப்பக்கம் இருக்க வேண்டும், நடுவில் கடக்கக் கூடாது என்று விதிகளைச் சொன்னார். வரைபடம் வைத்திருக்கிறாரா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, எந்த ஊரில் யார் வீட்டுத் திண்ணையில் படுக்கலாம், எங்கே கிணறு, எந்த ஓடை ஐப்பசியில் வற்றும் என்று வரிசையாகச் சொல்லத் தொடங்கினார். அவருக்கு முன்னால் நடந்தவர்கள் சொன்னதாம். காகிதத்தில் ஒரு வரி இல்லை. ரொட்டி கடிக்கக் கல்லாக இருந்தது; ஊறவைத்துத் தின்றால் அருமை.

ஆகஸ்ட் 9, சனி. நர்மதாபுரம் - போபால்

ரக்ஷாபந்தன். பஸ்ஸெல்லாம் அண்ணன் தம்பி வீட்டுக்குப் போகும் பெண்கள். எங்களுக்கு நிற்கத்தான் இடம். அதற்கு முன் காலையில் லாட்ஜைக் காலி செய்யும்போது, உரிமையாளரின் மகள் தட்டோடு வந்தாள். நாற்பது வயதிருக்கும். "இன்றைக்கு வெறும் கையோடு போகக் கூடாது அண்ணா." நெற்றியில் பொட்டு, மணிக்கட்டில் சிவப்பு நூல், வாயில் ஒரு பேடா. நேற்று ஃபேனுக்காக அவளோடு சண்டை போட்டிருந்தேன். நான் விழித்துக்கொண்டு நிற்க, மனைவி கண்ணாலேயே சட்டைப் பையைக் காட்டினாள். இருநூறு ரூபாயைத் தட்டில் வைத்தேன்.

கண்ணால் காட்டுவது என்பதும் சும்மா இல்லை. நம் விழியில் வெள்ளை அதிகம் தெரிகிறது. பெரும்பாலான குரங்கினங்களுக்கு அந்தப் பகுதி கருத்திருக்கும். எங்கே பார்க்கிறோம் என்று அடுத்தவருக்குத் தெரிவதால் நமக்கு லாபம் இருந்திருக்கிறது என்று ஒரு கருத்து உண்டு. உடம்பு கொடுத்தது அவ்வளவுதான். சட்டைப் பைக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு அண்ணனை உண்டாக்குவது ஊர் செய்த வேலை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு. போபால்

இன்று புஜரியா பண்டிகை. முளைவிட்ட கோதுமை நாற்றை ஒருவருக்கொருவர் கொடுத்துக் காதில் செருகிக்கொள்கிறார்கள். ஊர்வலத்தில் ஆட்டோ மாட்டிக்கொண்டது. ஓட்டுநர் காதிலும் நாற்று, போலீஸ்காரர் காதிலும் நாற்று.

ஷியாம்லா மலையில் பழங்குடியினர் அருங்காட்சியகம், 2013இல் திறந்தது. நான் பார்த்த அருங்காட்சியகங்களிலேயே இதுதான் அழகு என்று தயங்காமல் சொல்வேன். கண்ணாடிப் பெட்டிக்குள் செத்த பொருட்களை வைத்து எழுதிப் போடுகிற வேலையே இல்லை. பழங்குடிக் கலைஞர்களே வந்து கட்டியது. உள்ளே கேன்டீனில் கோதோ சோறு, அதாவது நம் வரகு, கீரையோடு. 120 ரூபாய்.

பிதோரா ஓவியத்தின் முன்னால் நெடுநேரம் நின்றோம். பில் மக்கள் வேண்டுதல் நிறைவேறினால் வீட்டுச் சுவரில் குதிரைகள் வரைய ஏற்பாடு செய்கிறார்கள். வரைபவர் வேலையை முடித்தாலும் படம் முடிந்ததாகக் கணக்கில்லை. பட்வா எனும் பூசாரி அருள் வந்த நிலையில், சுவரில் உள்ள ஒவ்வொரு உருவத்தையும் பார்த்து இன்னது இன்னது என்று சொல்ல வேண்டும். விட்டுப்போனது இருந்தால் சேர்க்க வேண்டும். ஊர் கூடி நிற்கும். பீம்பேட்காவில் பார்த்த குச்சியை நினைத்துக்கொண்டேன். அங்கே சுவர் மிச்சமிருக்கிறது, சொல்லிக்காட்டிய குரல் போய்விட்டது. இங்கே இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

பக்கத்திலேயே கோண்டு ஓவியங்கள். 1980களின் தொடக்கத்தில் ஓவியர் ஜே. சுவாமிநாதனின் ஆட்கள் பாட்டன்கட் கிராமத்துச் சுவரில் ஒரு படத்தைப் பார்த்து, வரைந்த இளைஞரைப் போபாலுக்கு அழைத்து வந்தார்கள். அவர்தான் ஜன்கட் சிங் ஷியாம். காகிதமும் போஸ்டர் வண்ணமும் கைக்கு வந்ததும், பாட்டில் மட்டும் இருந்த தெய்வங்களுக்குப் புள்ளியும் கோடுமாக உருவம் கொடுத்தார். 2001இல் ஜப்பானில் இறந்தார். ஒரே தலைமுறையில் உறவினரும் ஊராருமாக எத்தனையோ பேர் அந்த வழியில் வரைகிறார்கள். பில் ஓவியர் பூரி பாய், போபாலின் பாரத் பவன் கலை மையக் கட்டடத்தில் சித்தாள் வேலை பார்க்க வந்தவர். அங்கே சுவாமிநாதன் வரையச் சொன்னார்; 2021இல் பத்மஸ்ரீ. மரபணு மாற்றம் ஓர் இனம் முழுக்கப் பரவப் பல்லாயிரம் ஆண்டு பிடிக்கும். இங்கே யாரோ ஒருவர் காகிதத்தை நீட்டியது போதுமாக இருந்தது. மூளை இரண்டு லட்சம் ஆண்டு என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டேனே, காகிதம் நீட்ட ஆள் வருவதற்குக் காத்திருந்தது என்றுதான் இப்போது நினைக்கிறேன். மக்கள் சின்னச் சின்னக் கூட்டங்களாகச் சிதறிக் கிடந்த காலத்தில் எத்தனை கண்டுபிடிப்புகள் கண்டுபிடித்தவரோடேயே போயிருக்குமோ!

வெளியே ஒரு இளைஞர் விற்ற சிறு கோண்டு ஓவியம் 800 ரூபாய்க்கு வாங்கினேன். மான், அதன் கொம்பே மரமாகக் கிளைவிட்டு, மேலே பறவைகள். பேரம் பேசவிடாமல் மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 11, திங்கள். ரயிலில்

இன்று வண்டி நேரத்துக்கு வந்துவிட்டது. எதிர் சீட்டில் போபாலிலிருந்து விஜயவாடா போகும் ஒரு குடும்பம். சுருட்டி வைத்திருந்த படத்தைக் காட்டச் சொன்னார்கள். விரித்ததும் நான்கு வயதுப் பையன் விரலை நீட்டி "டைனோசர்" என்றான். அம்மா மான் என்றாள். தாத்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திமில் இருக்கிறதே, இது காளைதான் என்று அடித்துச் சொன்னார். விற்றவரே மான் என்று சொன்னதை நான் சொல்லிப் பார்த்தேன். விற்றவருக்கு என்ன தெரியும் என்றார். பையன் திமிலை டைனோசரின் முதுகு முள்ளாக்கினான். மனைவியும் தாத்தா கட்சியில் சேர்ந்துவிட்டாள். வாக்குவாதம் இட்டார்சி வரை ஓடியது. அங்கே சமோசாக்காரர் ஏறினார். இரண்டு இருபது ரூபாய், பச்சை மிளகாய் இலவசம். அவரிடமும் படத்தைக் காட்டிக் கேட்டோம். எட்டிப் பார்த்துவிட்டு, "மரம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.